சம்பந்தியும் நானும் ஒரே பெஞ்சில் படிப்பது குறித்து

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் கடைசியாக எழுதி ஐந்து மாதம் ஆகிவிட்டதால் நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவும் என் கையில் இல்லை. உங்கள் தங்கைக்கு இடது தோள்பட்டை வலி குறைந்துவிட்டது. இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்பதால்தான் தொலைபேசியில் பேசாமல் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் தொலைபேசி கூடத்தில் இருக்கிறது, கூடத்தில் அவள் இருக்கிறாள்.

கடிதம் நீளும். நடுவில் நீங்கள் வழி தவறிவிடக் கூடாது என்பதற்காக வரிசையை முதலிலேயே தந்துவிடுகிறேன்.

1. எழுபத்தொரு வயதில் நான் அரசியலும் சமூகவியலும் சேர்த்துப் படிக்கப் போன காரணம்.
2. சம்பந்தியும் என் பின்னாலேயே வந்து சேர்ந்தது.
3. அவர் என்னை வேவு பார்க்கிறார் என்பதற்கான ஆதாரங்கள்.
4. அதை உறுதி செய்ய நான் நடத்திய ஒரு சிறு சோதனை.
5. அந்தச் சோதனையால் வரும் வியாழக்கிழமை நடக்கவிருப்பது. அதில் தங்கள் உதவி.

நான்காவதை மட்டும் உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

முதல் குறிப்பு. எடை அளவு ஆய்வாளர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. பல்கலைக்கழகத்தில் அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு ஒவ்வொரு பாடப்பிரிவிலும் இரண்டு இடம் ஒதுக்கியிருப்பதாக அறிவிப்பு வந்தபோது, நான் பாறைகளைப் பற்றிய படிப்புக்குத்தான் விண்ணப்பித்தேன். பாறைகள் எதிர்த்துப் பேசாது என்ற எண்ணம். அங்கே இடம் நிரம்பிவிட்டது, அரசியலும் சமூகவியலும் இணைந்த படிப்பில் மட்டும் இரண்டு இடமும் அப்படியே கிடக்கிறது, வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று யாரிடமும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் தங்கை மட்டும், “முப்பத்தோரு வருஷம் கவர்மெண்டுல இருந்தீங்க. யாரு யாரை அதிகாரம் பண்றாங்கன்னு இப்ப போய்ப் படிச்சாத்தான் தெரியுமா? வீட்டுல இருந்தாலே தெரியுமே” என்றாள்.  நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். இணைந்த படிப்பு என்றார்களே தவிர, இரண்டு துறைகளும் இணைந்திருப்பதாகத் தெரியவில்லை. அரசியல் மூன்றாவது மாடியில். சமூகவியல் பின்கட்டடத்தில் தரைத்தளத்தில். நடுவே சைக்கிள் நிறுத்தம். மாடியில் பாடம் எடுக்கும் பேராசிரியர், அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்பார். படியிறங்கி, சைக்கிள்களுக்கு நடுவே நுழைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு கீழே போய் உட்கார்ந்தால், அங்கே இருக்கும் பேராசிரியை, மற்றவர்கள் அதை ஏன் அவரிடம் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று கேட்பார். இரண்டு கேள்வியும் ஒன்றுதானே என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆனால் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை என்பதால் யாரிடமும் கேட்கவில்லை. என் சந்தேகம் தவறாகவும் இருக்கலாம். என் முழங்காலைக் கேட்டால் அது சமூகவியல் பக்கம்.

இரண்டாவது குறிப்பு. நான் சேர்ந்து சரியாக மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, மாடி வகுப்பின் கதவைத் தள்ளிக்கொண்டு நம் சம்பந்தி உள்ளே வருகிறார். நாற்பது ஆண்டு பல் டாக்டராக இருந்தவர், போன ஆண்டு திடீரென்று ஒரே நாளில் கிளினிக்கை மகனிடம், அதாவது நம் மாப்பிள்ளையிடம், ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர். என்ன காரணம் என்று கேட்டதற்கு, படிக்கணும்னு ஒரு ஆசை என்றாராம். ஆசை என்றால் பல்கலைக்கழகத்தில் முப்பத்தெட்டு படிப்பு இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இவர் வந்தது என் படிப்புக்கு. வகுப்பில் இருபது பெஞ்சு காலி. உட்கார்ந்தது என் பெஞ்சில். “என்ன சம்பந்தி, தள்ளி உக்காருங்க” என்றார், பேருந்தில் சொல்வதுபோல. பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அன்று முதல் எங்களுக்கு ‘சம்பந்தி பெஞ்சு’ என்று பெயர். இதோடு இன்னொரு விஷயத்தையும் நீங்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும். மகளும் மாப்பிள்ளையும் குடியிருக்கும் வீட்டை ஆண்டு முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டு மாடியும் காலி. சம்பந்தி வீட்டு மாடியும் காலி. பிள்ளைகள் எந்த மாடிக்கு வருவார்கள் என்று இரண்டு வீட்டிலும் யாரும் வாய் திறக்கவில்லை. மகள் நம் மாடிக்கு வர வேண்டும் என்று உங்கள் தங்கை தினமும் மாடியைப் பெருக்குகிறாள். பெருக்குவதற்கு அங்கே குப்பையே இல்லை. இந்த நேரத்தில் ஒருவர் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் நான் என்ன நினைப்பது?

மூன்றாவது குறிப்புதான் முக்கியமானது. ஊகம் எதையும் எழுதவில்லை. கண்ணால் கண்டதை மட்டும் தேதி குறித்து வைத்திருக்கிறேன், தேவைப்பட்டால் நகல் அனுப்புகிறேன். அவர் பேசும்போது என் கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைப் பார்க்கிறார். தொழில் பழக்கம் என்று ஒரு வாரம் பொறுத்தேன். அடுத்து, அவர் கைகள். இரண்டு கையும் எப்போதும் கால்சட்டைப் பையில். உட்கார்ந்தாலும் பையில், நடந்தாலும் பையில், மழை பெய்தபோது குடை பிடித்தவன்கூட நான்தான். பையில் அப்படி என்ன இருக்கிறது? என் பேச்சைப் பதிவு செய்யும் கருவியாக இருக்கலாம். அடுத்து, இத்தனை மாதத்தில் ஒரு வரிகூடக் குறிப்பு எடுக்கவில்லை. படிக்க வந்தவன் எழுதுவான். எழுதாதவன் வேறு எதற்கோ வந்திருக்கிறான். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், “சம்பந்தி, அந்த நோட்டை எடுத்து அப்படியே என் தோள்பையில போட்டுடுங்களேன்” என்பார். திங்கட்கிழமை திருப்பித் தருவார். அந்த நோட்டின் ஓரங்களில் நான் வீட்டு விஷயங்களையும் எழுதி வைப்பதுண்டு. அடுத்து, வருகைப்பதிவேட்டில் அவர் போடும் கையெழுத்து ஒருநாள் போல் ஒருநாள் இல்லை. கையெழுத்தை மாற்றி மாற்றிப் போடும் ஒருவரைப் பற்றி எங்கள் துறையில் என்ன முடிவுக்கு வருவோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து, எங்கள் வீட்டில் அவர் டீ குடிப்பதில்லை. வாரத்துக்கு இரண்டு முறை வருகிறார், உங்கள் தங்கை கோப்பையைக் கொண்டுவந்து வைக்கிறாள், “இப்பத்தாம்மா குடிச்சிட்டு வந்தேன்” என்கிறார், டீ ஏடு கட்டி ஆறிப்போகிறது. கடைசியாக ஒன்று. போன மாதம் வந்தபோது நேராக மாடிக்குப் போனார். “காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்? படி எத்தனை? தண்ணி நல்லா ஏறுதா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கையை மட்டும் பையிலிருந்து எடுக்கவில்லை. எங்கள் மாடியில் குறை கண்டுபிடித்து, பிள்ளைகளைத் தன் மாடிக்கு அழைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்பதுதான் என் முடிவு. உங்கள் தங்கையிடம் இதையெல்லாம் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். “வேலை போய்ப் பதினோரு வருஷமாச்சு. கையில தராசு இல்லேன்னு வர்ற போற மனுஷங்களை நிறுத்துப் பாக்குறீங்க. போங்க, போய் மோட்டாரை நிறுத்துங்க” என்றாள். நிறுத்தினேன். ஆனால் சந்தேகம் நிற்கவில்லை.

நான்காவது குறிப்பு. உட்கார்ந்துவிட்டீர்களா? எங்கள் துறையில் ஒரு முறை உண்டு. ஒரு கடைத் தராசின் மீது சந்தேகம் வந்தால், நம் சோதனைக் கல்லை அதில் வைத்துப் பார்ப்போம். கல்லின் எடை நமக்குத் தெரியும். தராசு என்ன சொல்கிறது என்று பார்த்தால் போதும், கடைக்காரரோடு வாய் கொடுக்க வேண்டியதில்லை. வாய் கொடுக்காமல் உண்மையைக் கண்டுபிடிக்கும் வழி அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஆகவே நோட்டில் ஒரு சோதனைக் கல் வைத்தேன். அதாவது, எந்த வகுப்பிலும் யாரும் நடத்தாத ஒரு பாடத்தை நானே எழுதி, நிஜப் பாடங்களுக்கு நடுவே ஒரு பக்கத்தில் சேர்த்தேன். இது என் மகள் வாயிலிருந்தோ மாப்பிள்ளை வாயிலிருந்தோ திரும்பி வந்தால், என் நோட்டு அந்த வீட்டில் கைமாறிப் படிக்கப்படுகிறது என்பது உறுதி. மூன்று மாலை உட்கார்ந்து யோசித்து எழுதினேன். எழுதியது இதுதான்: “ஓர் அறையில் அதிகாரம், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் இல்லை. நின்றுகொண்டிருப்பவரைப் பார்த்து ‘உட்காருங்கள்’ என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் இருக்கிறது. உட்கார்ந்தவர் அந்தக் கணமே விருந்தாளி ஆகிவிடுகிறார். விருந்தாளி கேள்வி கேட்க முடியாது. - பழைய அறிஞர் ஒருவர்.” இது எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். முப்பத்தோரு ஆண்டு கடை கடையாக ஏறினேன். உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் எழுந்து, “வாங்க சார், உக்காருங்க” என்பார். நான் உட்காருவேன். அதன் பிறகு அந்தத் தராசைத் தொட எனக்கு மனம் வராது. மொத்தப் பணிக்காலத்திலும் ஒரே ஒரு தராசைப் பறிமுதல் செய்தேன், அதையும் மறுவாரம் மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கடையில் நாற்காலி இல்லை.

சோதனை நடந்த விதம் நான் எதிர்பார்த்தபடி இல்லை. மகள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. பருவத்துக்கு ஒருமுறை இரண்டு துறையும் ஒரே அறையில் கூடும் கருத்தரங்கு ஒன்று உண்டு. வேறு வழியில்லாமல் பேராசிரியர் ஒரு மூலையிலும் பேராசிரியை எதிர்மூலையிலும் உட்காருவார்கள். சம்பந்தியின் முறை வந்தது. எழுந்து நின்றார், காகிதம் இல்லை, கை பையில். என் சோதனைக் கல்லை எடுத்து எல்லோர் முன்னாலும் வைத்துவிட்டார், மச்சான்! ஒரு சொல் விடாமல். அதோடு விட்டாரா? “நாப்பது வருஷம் என் நாற்காலியில உக்காராத ஆளில்ல. ஊரையே ஆட்டிப் படைக்கிறவங்கல்லாம் வந்து உக்காந்திருக்காங்க. ஆனா ‘உக்காருங்க, வாயைத் தொறங்க, மூடாதீங்க’ன்னு சொன்னவன் நான். அந்த நேரத்துல ஒருத்தரும் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல. பேசவும் முடியாது, வாயில பஞ்சு” என்றார். அறையே சிரித்தது. பேராசிரியர், “அருமை. இது சுத்தமான அரசியல்” என்றார். பேராசிரியை, “மன்னிக்கணும், இது சமூகவியல்” என்றார். இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசியதை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். பிறகு இருவரும் ஒரே குரலில், “யார் அந்த அறிஞர்? எந்தப் புத்தகம்?” என்றார்கள். சம்பந்தி என்னைப் பார்த்தார். கண்ணை அல்ல, வாயை.  நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது. “தேடிக் கொண்டாந்து தரேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஐந்தாவது குறிப்பு. அவர்களும் தேடியிருக்கிறார்கள். அப்படி ஓர் அறிஞர் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பதில் இரண்டு துறையும் ஒத்துப்போய், ஒரே தாளில் இருவரும் கையெழுத்திட்டு அறிவிப்பு அனுப்பியிருக்கிறார்கள். வியாழன் காலை பதினொரு மணிக்குச் சம்பந்தி ஆதாரத்தோடு வர வேண்டும். இல்லையென்றால் இல்லாத ஆதாரத்தைப் புனைந்தவர் என்று பதிவு செய்து, அவர் இடத்தை ரத்து செய்வார்கள். நாற்பது ஆண்டு டாக்டராக இருந்தவருக்கு அறுபத்தெட்டு வயதில் பொய்யர் என்று பெயர். இதில் எனக்கு உறுத்தல் இல்லை என்று சொல்லமாட்டேன்.  ஆனால் அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருக்கிறது. நோட்டு என்னுடையது என்று சொன்னால் அவர் தப்பித்துக்கொள்வார். இதுவரை அவர் என் பெயரைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சேர்த்து வைக்கிறார். மாடிப் பேச்சு வரும் நாளில் என் மகளைக் கூப்பிட்டு, “உங்க அப்பா பொய்ப் பாடம் எழுதிக் குடுத்தவரும்மா” என்று சொல்லத்தான் சேர்த்து வைக்கிறார். நான் நேரில் போய்ச் சொல்லிவிடலாம். அந்த அறையில் இரண்டு பேராசிரியர்களும் இருப்பார்கள், “உட்காருங்கள்” என்பார்கள், நான் உட்கார்ந்துவிடுவேன், அதோடு முடிந்தது. ஆகவே தங்களிடம் வருகிறேன். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவரே நீங்கள்தான். தவிர, முப்பது ஆண்டு நூலகராக இருந்தவர். ‘அப்படி ஒரு பழைய புத்தகம் எங்கள் நூலகத்தில் இருந்தது, கரையான் அரித்துவிட்டது’ என்று இரண்டு வரி எழுதி, புதன்கிழமைக்குள் கிடைக்கும்படி அனுப்ப முடியுமா? பொய் சொல்லச் சொல்வதாக நினைக்க வேண்டாம். கரையான் அரித்த புத்தகங்கள் உங்கள் நூலகத்தில் இருந்தது உண்மைதானே. அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று இனி யாரால் சொல்ல முடியும்?

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். சிறியவர்களுக்கு என் ஆசி. பெரியவர்கள் எனக்கும் கொஞ்சம் தந்தால் இந்த வாரம் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மாலை நான்கு மணிக்குச் சம்பந்தி வந்துவிட்டார். இந்தக் கடிதத்தை அவசரமாகப் பாடப்புத்தகத்துக்கு அடியில் வைத்தேன். உங்கள் தங்கை டீ கொண்டுவந்தாள். எப்போதும் வரும் கோப்பை இல்லை. பெரிய எவர்சில்வர் டம்ளர், அதில் பாதி. “உக்காருங்க சம்பந்தி. பாதிதான் ஊத்தியிருக்கேன். ரெண்டு கையாலயும் புடிச்சுக் குடிங்க, சிந்தினா தரையைத் துடைச்சுக்கறேன். இங்க பாக்குறதுக்கு யாரும் இல்ல. இவரு பாத்தாலும் வேற எதையாவதுதான் பாத்துக்கிட்டிருப்பாரு” என்றாள்.  சம்பந்தி கைகளைப் பையிலிருந்து எடுத்தார். நிலைக்கு வராத தராசு முள்ளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், மச்சான். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. டம்ளரைப் பிடித்ததும் அது பல்லில் இடித்து ஒலித்தது. குடித்து முடித்தார்.

“ரெண்டு வருஷமா இப்படித்தான்” என்றார். “போன வருஷம் ஒருநாள் ஒரு அம்மாவோட உதட்டுல ஊசி பட்டுடுச்சு. சின்னக் கீறல்தான். அன்னிக்கே சாவியைப் பையன்கிட்ட குடுத்துட்டேன். படிக்கப் போறேன்னு சொன்னேன். கையப் பத்திச் சொல்லல. தொழிலை என் கையப் பாத்துக் கத்துக்கிட்டவன் அவன்.” என் படிப்பிலேயே வந்து சேர்ந்தது ஏன் என்று கேட்டேன். “எனக்கு எழுத வராது. நீங்க எதையும் விடாம எழுதுவீங்கன்னு ஊருக்கே தெரியும். உங்க நோட்டு இருக்குன்ற தைரியத்துலதான் சேந்தேன்.” மாடியில் காற்றும் படியும் கேட்டது? “பசங்க இங்கயே வந்து இருக்கட்டும்னு அவன்கிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன். என் வீட்டு மாடின்னா தினம் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். பாத்துடுவான்.”

பிறகு நான் நான்காவது குறிப்பைச் சொன்னேன். சொல்லி முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. அவர் சிரித்தார். “தெரியும் சம்பந்தி. நிஜப் பாடம்னா வரிக்கு வரி அடிச்சு அடிச்சு எழுதுவீங்க. அந்தப் பக்கத்துல ஒரு அடித்தல்கூட இல்ல. அப்பவே தெரியும், இது உங்க சரக்குன்னு.” தெரிந்துமா அத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள் என்றேன். “நல்லா இருந்துச்சே! மத்ததெல்லாம் எனக்குப் புரியவே இல்ல, அது ஒண்ணுதான் புரிஞ்சுது.” பின் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை? “பொண்ணு குடுத்தவரை மாட்டிவிட்டுட்டு நான் மட்டும் படிச்சு என்ன செய்யப் போறேன்? இடம் போனாப் போகட்டும். கொஞ்ச நாள் உக்காந்தேன், போதும்.”

வியாழன் பதினொரு மணிக்கு நானும் போகிறேன். உட்காரச் சொன்னால் உட்காரப் போவதில்லை. உங்கள் தங்கையும் அதையேதான் சொல்லியனுப்புகிறாள். “வியாழக்கிழமை உங்க பொய்யை நீங்க அங்க சொல்லுங்க, வெள்ளிக்கிழமை என் பொய்யை நான் என் பையன்கிட்ட சொல்றேன்” என்று சம்பந்தி ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுவரை மாப்பிள்ளையிடம் நீங்கள் எதையும் காட்டிக்கொள்ள வேண்டாம். கரையான் சான்றிதழும் வேண்டாம். இந்தக் கடிதத்தை உங்கள் தங்கை பாடப்புத்தகத்துக்கு அடியிலிருந்து எடுத்து முழுக்கப் படித்துவிட்டாள். தோள்பட்டை வலி குறையவே இல்லையாம். நான் கேட்டால்தானே தெரியும் என்று எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

இத்தனைக்குப் பிறகும் இதைக் கிழிக்காமல் அனுப்புவது ஏன் என்றால், பதிவேட்டிலிருந்து தாளைக் கிழிக்கக் கூடாது, தவறான பதிவுக்குக் கீழே திருத்தம் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது எங்கள் துறை விதி. ஆகவே:

திருத்தம். மூன்றாவது குறிப்பு தவறு. தராசில் குறையில்லை, கல்லில்தான் குறை.